மஞ்சள் சீட்டு



கள்ளிக்காட்டிலிருந்து நெய்யாற்று அணைப் பக்கம் செல்வோர் நெட்டுக்கால்தேரியில் ஒரு சிறையைக் காண்பர். நன்னடத்தையுடைய கைதிகளைத் தேர்ந்து வைக்கும் இத்திறந்தவெளிச் சிறை 1962-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. அங்கே கைதிகள் ரப்பர்ப் பால் வெட்டுகின்றனர். ஓட வழியிருந்தும் ஓடாது நிற்கும் அம்மாந்தரை எண்ணுந்தோறும் நமக்கு ழான் வால்ழானின் நினைவு எழும். விக்டர் ஹியூகோ அவன் கதையை வெளியிட்டது 1862-இல். சரியாக நூறாண்டு முன்னர்! மலையாள அன்பர்கள் 1925-இல் வெளிவந்த நாலப்பாட்டு நாராயண மேனவனின் ‘பாவங்கள்’ வழியே அதனை அறிவர். நாமோ சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழை படும் பாடு’ வழியே அறிந்தோம். 1950-இல் நாகையா நடித்த படமாகவும் அது வந்தது.

தமக்கையின் ஏழு பிள்ளைகளின் பசிக்காக ரொட்டி திருடியவனுக்கு 5 ஆண்டுச் சிறை. தப்ப முயன்ற குற்றமும் சேர்ந்து அது 19 ஆண்டாயிற்று. வெளியே வந்தவன் கையில் மஞ்சள் சீட்டு. அவன் யாரென்று அறிந்த விடுதிகள் கதவடைத்தன. நாய்க்கொட்டிலில் நுழைந்தால் நாயும் துரத்திற்று. பிஷப் மிரியேல் ஒருவரே உடன் அமர்த்தி உணவிட்டார். அவர் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களையே அவன் திருடி ஓடினான். காவலர் பிடித்து வந்தபோது, அவை தாம் கொடுத்தவையே என்று கூறி, வெள்ளி விளக்குத்தண்டுகள் இரண்டையும் சேர்த்தளித்தார் அப்பெரியார்.

அக்கணமே அவன் திருந்தினான் என்று பலரும் கூறுவர். அன்று! அதன் பின்னரும் ஒரு சிறுவனின் நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துக்கொண்டான். சிறுவன் அழுதுகொண்டே சென்ற பிறகுதான் அவன் நெஞ்சு உடைந்தது.

நம் அங்குலிமாலரோ பகவரின் ஒரு சொல்லில் வாளை எறிந்தார். அவர் நின்றார், ஊர் நின்றதா? சாவத்தியில் பிச்சைக்குச் சென்றவர் மேல் கல்லும் கோலும் ஓடும் வந்து விழுந்தன. தலையில் குருதி வழிய, பாத்திரம் உடைய, ஆடை கிழிய வந்து நின்றார். பொறுத்துக்கொள், பழவினையின் பயனை இங்கேயே நுகர்கின்றாய் என்றார் பகவர். எறிந்தவர் செய்தது நன்று என்று அவர் உரைத்ததாக எங்கும் இல்லை.

இதனைச் சொல்லும் தகுதி நமக்குண்டோ? நாம் பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் இருந்த காலத்தில், சிறை மீண்ட ஒருவர் பதிலியாக வேலைக்கு வந்தார். ஒருநாள் நம் சம்பளக் கவரைக் காணவில்லை. உடனே ஒரு விரல் அவரை நோக்கி நீண்டது. அது நம் விரல். மறுநாள் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. மூன்றாம் நாள், துவைக்க எடுத்த சட்டையின் உட்பையிலிருந்து நம் இல்லாள் அக்கவரை எடுத்து நீட்டினாள். மேஸ்திரியிடம் உண்மையைச் சொன்னோம். அவர் தங்கியிருந்த இடத்துக்கும் சென்றோம்; அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். எறிந்தவர் கூட்டத்தில் நாமும் ஒருவரே, அன்பர்களே.

மணிமேகலை வேண்ட, சோழ மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினான் என்று சாத்தனார் கூறுவார். மன்னனால் கட்டிடத்தை மாற்ற முடிந்தது. அதனின்று வெளிவருவோர் நடக்கும் தெருவோ மன்னனுடையதன்று, நம்முடையது.

விடுதலை பெற்ற ஒருவர் கள்ளிக்காட்டிலேயே தங்கிப் பால்வெட்டுக்குச் செல்ல விரும்புகின்றார். மூன்று வீடுகளில் கேட்டாயிற்று, அறை கிடைக்கவில்லை. உங்களில் எவர் வீட்டிலேனும் ஓர் அறை உண்டெனில், வரும் பௌர்ணமிக் கூட்டத்துக்கு முன் நமக்குத் தெரிவியுங்கள். வாடகைக்கு நாம் பொறுப்பு.