யாரிடம் வாங்கிய நம்பிக்கை?

"மாதக்கணக்கில் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன், கடைசியில் அந்தச் சிறுத்தை என்னை ஏற்றுக்கொண்டது." காட்டுயிர்ப் படக்காரர் மேடையில் இப்படிச் சொன்னதும் அரங்கம் கைதட்டுகிறது. ஒரு சாமியார் "புலி என் காலடியில் படுத்தது" என்றால் ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களும் இங்கே உருகிவிடுகிறார்கள். கையில் கேமரா இருந்தால் அற்புதம் அறிவியலாகிவிடுமா?

நடப்பது இதுதான். புதிதாக ஜீப்பைப் பார்க்கும் யானை காதை விரிக்கிறது, துதிக்கையைத் தூக்கி முகர்கிறது, நாலு எட்டு ஓடி வந்து மண்ணை உதைத்துவிட்டு நிற்கிறது. ஜீப்பிலிருந்து கல்லும் வரவில்லை, வெடியும் வரவில்லை. மறுநாளும் அப்படியே. மிரண்டுகொண்டே இருந்தால் மேய்ச்சல் கெடும். அதனால் மிரளுவதை விட்டுவிடுகிறது. இதில் படமெடுப்பவரின் மனத்தூய்மைக்கு என்ன வேலை? டீசல் வாடை மூக்குக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

பழகினால் பழகட்டுமே, யாருக்கு நஷ்டம் என்பீர்கள். மசினகுடிப் பக்கம் ரிவால்டோ என்றொரு ஆண் யானை. துதிக்கையில் காயம் பட்டிருந்தது. பரிதாபப்பட்டுப் பழம் கொடுத்தார்கள், அது வாசலுக்கே வந்து நின்றது. பிறகு அதே பழக்கம் ஆபத்து என்று பேச்சு வந்தது. 2021 மே மாதம் வாழைத்தோட்டத்தில் மரக்கூண்டில் அடைத்தார்கள். ஆகஸ்டில் தொலைவில் சிக்கல்லா காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அதுவோ விறுவிறுவென்று நடந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது! கொடுத்தது மனிதர், பழகியது யானை, கூண்டு மட்டும் யானைக்கு.

ரிவால்டோவாவது பிழைத்தது. அதே ஆண்டு ஜனவரியில், அதே மசினகுடியில், ரிசார்ட் பக்கம் வந்த இன்னொரு யானை மேல் தீப்பற்றிய டயரை வீசினார்கள். அது செத்துப்போனது. பழம் நீட்டுகிற கையும் நெருப்பு வீசுகிற கையும் யானைக்கு ஒரே மனிதக் கைதான். நீங்கள் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த நம்பிக்கையை அடுத்து வருகிறவன் செலவழிக்கிறான்.

பழக்குவது நல்லது என்பதற்கு ருவாண்டாவைக் காட்டுவார்கள். மலைக் கொரில்லாக்களைப் பழக்கியதால் சுற்றுலாப் பணம் வந்தது, பணத்தால் காவல் வந்தது, உலகில் அவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு கூட்டத்தைப் பார்க்க எட்டுப் பேர், ஒரு மணி நேரம் என்று கணக்கு உண்டு. பயணிகள் கிளம்பிய பின்னும் காவலர் காட்டில் இருக்கிறார். அந்த ஏற்பாடு வருவதற்கு முன், ஆய்வாளர் டயான் ஃபாஸி பழக்கிய டிஜிட் என்ற கொரில்லாவை 1977 டிசம்பர் 31 அன்று வேட்டைக்காரர்கள் ஈட்டியால் குத்திக் கொன்று தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போனார்கள். நட்பு காவல் காக்கவில்லை.

பழக்காமலும் படமெடுக்கலாம். 1920களிலேயே எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி வட இந்தியக் காட்டில் கேமராவோடு இணைத்துக் கம்பி கட்டி வைத்தார். புலி அதை மிதித்தால் வெளிச்சம் பாயும், படம் விழும். திடுக்கிட்டிருக்கும்தான். ஆனால் யாருக்கும் அது நண்பனாக வேண்டியிருக்கவில்லை. மனிதர் மேலிருந்த அச்சத்தோடே போயிருக்கும். அந்தப் படங்கள் மோசம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

இனி விருது வாங்குகிறவரிடம் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று விசாரிப்பதோடு, அந்த விலங்கு இப்போது எங்கே இருக்கிறது என்றும் கேளுங்களேன்.