யாருக்காகப் பாலை நடுவது?

நெடுங்காலம் கழித்துப் பயன் தரும் மரத்தை நடுபவனை நல்லவன் என்று நாம் எளிதில் போற்றிவிடுகிறோம். அந்த நற்பண்பு வேரூன்ற எத்தகைய நிலம் வேண்டும் என்று கேட்பதில்லை.

பாலைமரத்தை எடுத்துக்கொள்வோம். உலர் வலயக் காடுகளின் சொந்த மரம் அது. சிறிய வெண்மலர்கள் உதிர்ந்தபின் மஞ்சள் நிறக் கனிகள் பழுக்கின்றன. உண்பவர் உதட்டில் அவற்றின் பால் ஒட்டிக்கொள்ளும். கரடியும் பறவையும் மனிதனும் பங்கிட்டு உண்ணும் பழம் அது. அதன் வைரம் பாய்ந்த கட்டை புகையிரதப் பாதைக்குச் சிலிப்பராயிற்று. வெட்ட ஒரு நாள் போதும். மெல்ல வளரும் அம்மரம் முதிர ஒரு மனிதனின் ஆயுள் போதாது.

மாத்தளை மாவட்டத்து லக்கலவில் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அருகிலிருந்த பழைய ஊர் களு கங்கை நீர்த்தேக்கத்துக்கு இடம்விட்டது. 2018இல் நீர் தேங்கத் தொடங்கியது. மக்கள் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். வரண்ட வயல்களுக்கு நீர் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடும் காணிக்குக் காணியும் கொடுக்கலாம். பாட்டன் நட்ட மரத்தின் வயதை எந்த அரசால் கொடுக்க முடியும்?

இதே மாவட்டத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாக நட்டனர். நட்டது எதுவும் அவர்களுடையதாகவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை அளித்தது. எனினும் லயங்களில் வாழ்வோரில் மிகப் பலரிடம் இன்றும் காணி உறுதி இல்லை. லயத்து வாசலில் கீரையும் பப்பாசியும் மட்டுமே நடுபவனைத் தொலைநோக்கற்றவன் என்று பழிப்பது நியாயமா? லக்கலவின் சிங்கள விவசாயி இழந்தது காலத்தை. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளி இன்னும் பெறாதது நிலத்தை.

நாளையும் இம்மண்ணில் இருப்போம் என்ற உறுதியிலிருந்தே மரம் நடும் பொறுமை பிறக்கிறது. அவ்வுறுதியைச் சிலருக்கு மட்டும் வழங்கும் சமுதாயம், பொறுமையையும் சிலரின் உடைமையாக்கிவிடுகிறது.

அப்படியானால் நீதி பிறக்கும்வரை கன்று காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. உலர் வலயத்துப் பள்ளி வளவிலும் குளக்கரையிலும் பாலையை நடுவோம். பொதுநிலத்து மரம் உறுதிப்பத்திரம் கேளாமல் எல்லோருக்கும் பழம் உதிர்க்கும். ஆனால் மாணவர் கையில் கன்றைக் கொடுக்கும் ஆசிரியர், ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுக்கட்டும்: இம்மரம் பழுக்கும் நாளில் இதன் நிழலில் நிற்கும் உரிமை யாருக்கு இருக்கும்?