ஊர்ப்பற்றுக்கு எல்லை எது?

சென்ற விடுமுறை நாளொன்றில் நமது வாலிபர்கள் மற்றோர் ஊர்ச் சங்கத்தாருடன், கோஷ்டிக்கு இருபது ஓவர் என்ற கணக்கில், சிநேக முறையில் ஒரு கிரிக்கெட் பந்தயம் ஆடினார்கள். தரப்புக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் நின்றார்கள். நம் தரப்பில் நின்றவர் வயதில் மூத்த சகோதரர் ஒருவர். வெற்றிக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டங்களே பாக்கியிருந்த வேளையில், நம் கோஷ்டியின் சிறந்த ஆட்டக்காரர் அடிக்க முயன்ற பந்து மட்டையின் விளிம்பை உரசிக்கொண்டு விக்கெட் கீப்பர் கைக்குப் போயிற்று. எதிர்த்தரப்பார் முறையிட்டார்கள். நம் அம்பயர் விரலை உயர்த்திவிட்டார். நாம் தோற்றோம்.

தோல்வி பெரிதல்ல. அன்று மாலை சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சரபத் கடையில் தே அருந்த உட்கார்ந்தபோது நடந்த பேச்சே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது. "காக்கா, மட்டையில் பட்ட சத்தம் உங்களைத் தவிர வேறு யாருக்குக் கேட்டது? நம்ம ஊர்க்காரராக இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா?" என்று ஒரு சகோதரர் மனத்தாங்கலுடன் கேட்டுவிட்டார். பெரியவர் கோபப்படவில்லை. "நான் இந்த ஊர்க்காரன் என்று தெரிந்தும் அவங்க என்னை நம்பித்தானே நிற்க வைத்தாங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. யாரும் அவர் பக்கம் நின்று ஆமாம் என்று சொல்லவுமில்லை. வாய் மூடியிருந்தவர்களில் நாமும் அடக்கம். ஆகவே இதை முதலில் நமக்கே சொல்லிக்கொள்கிறோம்.

கேள்வி இதுதான்: ஊர்ப்பற்று குற்றமா? குற்றமில்லையென்றால், அது எங்கே குற்றமாகத் தொடங்குகிறது?

ஊர்ப்பற்றே வேண்டாம் என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. இந்தச் சிங்கப்பூரில் நம் முன்னோர்கள் கால் வைத்த நாளில் அவர்களைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பற்றே. கப்பலில் வந்திறங்கியவனுக்குப் படுக்கப் பாயும், பிழைக்க ஒரு வழியும், நோயில் ஒரு வாய்க் கஞ்சியும், இறந்தால் ஜனாஸாவுக்கு நாலு பேரும் கிடைத்தது ஊர்க்காரர்களால்தான். கடையநல்லூர்ச் சகோதரர்கள் 1941இல் தங்கள் லீக்கை அமைத்தார்கள். மற்ற ஊரார்களும் தத்தம் சங்கங்களைக் கண்டார்கள். ஊருக்குப் பள்ளிக்கூடமும், ஏழைக் குமர்களுக்குக் கல்யாண உதவியும் இச்சங்கங்கள் வழியே போயிருக்கின்றன. இத்தனை நன்மைக்குக் காரணமான ஒன்றை வேரோடு பிடுங்கச் சொல்வது நன்றி கெட்ட செயலாகும்.

ஆனால் ஒரு பற்று நல்லதாகப் பிறந்தது என்பதால் என்றைக்கும் நல்லதாகவே இருக்குமென்று உறுதியில்லை. இதற்குக் கிரிக்கெட்டின் சரித்திரமே நல்ல சாட்சி.

பம்பாயில் 1892இல் ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்குமாக ஆண்டுப் பந்தயம் ஒன்று ஏற்பட்டது. 1907இல் ஹிந்துக்கள் கோஷ்டியும், 1912இல் முஸ்லிம்கள் கோஷ்டியும் சேர்ந்தன. இவற்றில் எதிலும் இடமில்லாத கிறிஸ்தவர் முதலியோருக்காக 1937இல் 'மற்றவர்கள்' என்ற பெயரில் ஐந்தாவது கோஷ்டி ஒன்று சேர்க்கப்பட்டது. ஆட்டம் உயர்தரமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாட்டில் வகுப்புத் துவேஷம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. விளையாட்டிலும் மதப் பிரிவினை எதற்கென்று காந்தியடிகள் 1940இல் ஆட்சேபித்தார். 1945-46 பருவத்துடன் அப்பந்தயம் மறைந்தது.

அங்கே ஹிந்துக்கள் கோஷ்டியில் ஆடியவர் பூனாவின் சமஸ்கிருதப் பேராசிரியர் தி. ப. தேவதர். முஸ்லிம்கள் கோஷ்டியில் ஆடியவர் சையது முஷ்டாக் அலி. 'மற்றவர்கள்' கோஷ்டியில் ஆடியவர் கிறிஸ்தவரான விஜய் ஹசாரே. 1943-44 இறுதிப் பந்தயத்தில் தம் கோஷ்டி எடுத்த 387 ஓட்டங்களில் 309ஐ ஹசாரே ஒருவரே எடுத்தார். ஆயினும் அவரது தரப்பு தோற்றது. பிற்காலத்தில் இம்மூவர் பெயராலும் இந்தியாவில் மூன்று கோப்பைகள் ஏற்பட்டன. மூன்றும் வரையறுத்த ஓவர்களில் ஆடப்பட்டவை. மூன்றிலும் கோஷ்டிகள் மதத்தால் பிரியவில்லை, வட்டாரத்தால் பிரிந்தன. ஹசாரே கோப்பையும் முஷ்டாக் அலி கோப்பையும் மாநிலங்களுக்கிடையே. தேவதர் கோப்பை மண்டலங்களுக்கிடையே.

இதில் தேவதர் கோப்பை நமது கேள்விக்கு மிகவும் பொருத்தமானது. 1973-74இல் அது தொடங்கியபோது தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து மண்டலங்கள் ஆடின. முதல் வெற்றி தெற்கு மண்டலத்துக்கே கிடைத்தது. தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் ஹைதராபாத்தும் கேரளமும் மாநிலப் பந்தயங்களில் ஒன்றையொன்று வீழ்த்தப் பாடுபடுபவை. 2021இல் முஷ்டாக் அலி கோப்பையின் இறுதிப் பந்தயத்தில், கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது சென்னை ஷாருக் கான் ஆறு அடித்துக் கர்நாடகத்தைத் தோற்கடித்தார். அப்போது மகிழாத தமிழர் யார்? ஆனால் 2023 ஆகஸ்டில் புதுச்சேரியில் தேவதர் கோப்பையின் இறுதிப் பந்தயம் நடந்தபோது, தெற்கு மண்டலத்துக்குத் தலைமை வகித்தவர் கர்நாடகத்தின் மயங்க் அகர்வால். சதம் அடித்தவர் கேரளத்தின் ரோஹன் குன்னும்மல். மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியவர் நம் தமிழ்நாட்டின் வாஷிங்டன் சுந்தர். கிழக்கு மண்டலத்தை அவர்கள் 45 ஓட்டங்களில் வென்றார்கள். நேற்றைய எதிரி இன்றைய தோழனாகிவிட்டான்!

இன்னும் ஒரு படி மேலே போவோம். 1983இல் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. அந்த இறுதிப் பந்தயத்தில் இரு தரப்பிலும் அதிகமாக 38 ஓட்டங்கள் எடுத்தவர் சென்னை ஸ்ரீகாந்த். அந்தப் போட்டித் தொடர் முழுவதிலும் அதிகமாக 18 விக்கெட்டுகள் எடுத்தவர் பெங்களூர் ரோஜர் பின்னி. விக்கெட் காத்தவர் கர்நாடகத்தின் சையது கிர்மானி. மதத்தால் மூவர், மாநிலத்தால் இருவேறு தரப்பார், மண்டலத்தால் ஒரே தெற்கு, நாட்டால் ஒரே இந்தியா. இவர்களில் யாரும் தம் மாநிலத்தை மறந்துவிட்டு நாட்டுக்கு ஆடவில்லை. சின்ன வட்டத்தில் நன்றாக ஆடியதனாலேயே பெரிய வட்டத்துக்கு வந்தார்கள்.

இங்கே ஒரு சகோதரர் குறுக்கிடலாம். 'மதத்தால் பிரித்தால் தவறு, வட்டாரத்தால் பிரித்தால் சரியா? பிரிவினை பிரிவினைதானே? வட்டார வெறியால் மண்டை உடைந்ததில்லையா?' என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. வட்டாரக் கோஷ்டியில் அவ்வட்டாரத்தில் வாழும் எல்லா மதத்தாருக்கும் இடமுண்டு என்பது ஒரு வித்தியாசம். ஆயினும் அது மட்டும் போதாது. பெயரை மாற்றினால் வெறி ஒழிந்துவிடாது. நமது பாடாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையில் ஐரோப்பியர் 1852இல் கண்ட கிரிக்கெட் கிளப்; மறு முனையில் யுரேசியர் 1883இல் கண்ட ரிக்ரியேஷன் கிளப். நம் இந்தியச் சங்கமும் இலங்கையரின் கிளப்பும் பாலஸ்டியர் ரோட்டில் அமைந்தன. பழைய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் பாடாங்கின் இரு முனைகளிலும் இன்று எல்லா இனத்தாரும் அங்கத்தினர். ஆகவே தீமை பெயரில் இல்லை. அந்தப் பெயருக்கு நாம் எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது.

மனிதர்கள் பல கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று நமது வேதம் போதிக்கிறது. ஒருவன் தன் கூட்டத்தாரை நேசிப்பது இனவெறியாகுமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, நேசிப்பது அதுவாகாது, அநியாயத்தில் தன் கூட்டத்தாருக்குத் துணை போவதே இனவெறி என்று அவர்கள் விளக்கினார்கள். எல்லைக் கோடு எவ்வளவு தெளிவாகப் போடப்பட்டுவிட்டது பாருங்கள்! நம் கோஷ்டி வெல்ல வேண்டுமென்று துஆச் செய்வது நேசம். மட்டையில் பட்ட பந்தைப் படவில்லை என்று சொல்லச் சொல்வது அநியாயத்துக்குத் துணை. அந்தச் சரபத் கடையில் நாம் கோட்டின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வரையறுத்த ஓவர் ஆட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய விதி இன்னொன்றும் உண்டு. ஐம்பது ஓவர்களில் ஒருவர் பத்து ஓவர்களுக்கு மேல் பந்து வீசக் கூடாது. அவர் எவ்வளவு பெரிய சூரராயினும், அன்று எத்தனை விக்கெட்டுகளைச் சாய்த்திருந்தாலும், பத்து முடிந்ததும் பந்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆகவே பந்து வீச ஐந்து பேராவது தயாராக இல்லாத கோஷ்டி கரையேற முடியாது. புதியவன் கையில் பந்தைக் கொடுக்கப் பயந்தால் கோஷ்டியே நடவாது.

ஊர்ப்பற்றுக்கும் இப்படி ஓர் அளவு வேண்டுமென்றே நாம் சொல்கிறோம். சங்கத்துக் காரியங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்த இருவரில் அதிக ஏழை யார் என்று பார்க்கிறோமா, அல்லது யாருடைய மகன் என்று பார்க்கிறோமா? கடைக்கு ஆள் எடுக்கும்போது யோக்கியதை முந்துகிறதா, ஊர்ப் பெயர் முந்துகிறதா? நிர்வாகத்தில் பல வருஷங்களாக இருக்கும் நம்மில் சிலர், நமது பத்து ஓவர் எப்போதோ முடிந்துவிட்டதை உணர்ந்திருக்கிறோமா? ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குலியா பள்ளிவாசலில் நம் தோளோடு தோள் நின்று தொழும் வங்காள தேசத்துத் தொழிலாளியை, ஸலாம் கொடுத்த மறு நிமிஷமே அன்னியனாக எண்ணிவிடுகிறோமா? தொழுகை வரிசையில் ஊருக்கு ஒரு ஸஃப் கிடையாது. ஜமாஅத்தின் அந்த ஒழுங்கு வாசற்படியைத் தாண்டியதும் ஏன் கலைந்துபோக வேண்டும்?

அந்தப் பெரியவர் நம் ஊரைக் கைவிட்டுவிட்டார் என்று சிலர் வருந்துகிறார்கள். நம் எண்ணம் அப்படியல்ல. அவர் ஒரு விக்கெட்டைக் கொடுத்து, நம் ஊரார் சொல்லை நம்பலாம் என்ற பெயரைச் சம்பாதித்துத் தந்திருக்கிறார். எதிர்த்தரப்பு வாலிபர்கள் பந்தயம் முடிந்ததும் முதலில் வந்து கைகொடுத்தது அவருக்கே. அடுத்த பந்தயத்துக்கும் அவரே நிற்க வேண்டுமென்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஊருக்கு இதைவிடப் பெரிய கோப்பை எது?

ஆகவே, சகோதரர்களே, நம் வாலிபர்கள் ஊர்ப் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடட்டும், ஆவேசமாக ஆடட்டும், வெல்லட்டும். ஆனால் அம்பயராக நிற்பவர் எவராயினும், வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்கும்போது ஊரை வெளியே விட்டுச் செல்லட்டும். அதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளாத சமுதாயமாக நாம் ஆக வேண்டும். அன்று மாலை நாம் சொல்லத் தவறிய ஒரு வார்த்தையை இன்று இப்பக்கத்தில் சொல்லிவிடுகிறோம்: காக்கா, நீங்கள் செய்ததுதான் சரி.

நம் நேசத்தையும் நியாயத்தையும் ஒன்றோடொன்று மோதாமல் காத்தருள வல்ல நாயன் கிருபை செய்வானாக. ஆமீன்.