தன் கையால் ஆக்கிய தீங்கு

ஒருவன் தன் கொல்லையில் புகையிலை விதைக்கிறான். இலை முற்றியதும் பறித்து உலர்த்துகிறான். தன் கையாலேயே அதனைப் பக்குவப்படுத்தித் தன் வாயில் அடக்கிக் கொள்கிறான். அவன் அதை யாருக்கும் விற்பதில்லை. பிறர் மூச்சில் புகை கலப்பதுமில்லை. தீங்கு நேருமாயின் அது அவனையே சாரும். இத்தகையவனைத் தடுக்கும் உரிமை பிறர்க்கு உண்டோ? எளிதாகத் தோன்றும் இவ்வினா, அறத்தின் ஆழத்தைத் தொடுவது.

சுவீடன் நாட்டில் 'ஸ்னூஸ்' என்றொரு புகையிலைப் பொடி உண்டு. ஈரப்பதமுள்ள அப்பொடியை மேலுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைப்பர். தாமே பயிரிட்ட இலையைக் கொண்டு வீட்டிலேயே அதனைச் செய்து கொள்வோரும் உளர். உலர்ந்த இலையை அரைத்து, உப்பும் நீரும் சேர்த்து, நெடுநேரம் வெப்பத்தில் வைத்துப் பின்னர்ச் சோடா உப்பைக் கலப்பர். வெற்றிலை பாக்குடன் புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் தமிழரின் வழக்கமும், புகையிலையை உள்ளங்கையில் இட்டுச் சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கும் வடநாட்டுக் கைனியும் இதற்கு உறவானவையே. அங்கே சோடா செய்யும் வேலையை இங்கே சுண்ணாம்பு செய்கிறது. காரத்தன்மை மிகுந்தால் நிக்கோட்டின் வாயின் மென்தோல் வழியே விரைந்து குருதியில் கலக்கும். நாடு வேறாயினும் நுட்பம் ஒன்றே.

புகையிலை நம் மண்ணில் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியே வந்தது. ஆயினும் அதனைத் தமிழர் தமதாக்கிக் கொண்டனர். சீனிச் சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது விடுத்துப் 'புகையிலை விடு தூது' பாடினார் எனில், அவ்விலை மக்கள் வாழ்வில் பெற்றிருந்த இடத்தை உணரலாம். திண்டுக்கல்லிலும் வேதாரணியத்திலும் யாழ்ப்பாணத்திலும் விளைந்த புகையிலை, கடல் கடந்து உழைக்கச் சென்றவர்களின் மடியிலும் இடம்பெற்றது.

இனிச் சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸுக்கு வருவோம். ஒரு காலத்தில் மீனவர் சிற்றூராக இருந்த அவ்வட்டாரம், கடல் தூர்க்கப்பட்டுக் கப்பல் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த நிலமாயிற்று. அங்குள்ள விடுதிகளில் தமிழகத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் தங்கியுள்ளனர். மலேசியாவுடன் இணைக்கும் இரண்டாம் பாலம் 1998ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்குள்ள சோதனைச் சாவடியில், லாரிகளில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட மெல்லும் புகையிலை பிடிபட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. மூக்குப்பொடி, வாயில் அடக்கும் பொடி, குட்கா, கைனி, சர்தா ஆகியவற்றின் இறக்குமதியும் விற்பனையும் சிங்கப்பூரில் 2016 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்யப்பட்டன. ஆகவே, 'என் வாய், என் இலை' என்னும் வாதம் அங்கே வெறும் ஏட்டு வாதமன்று. உழைத்துக் களைத்த மனிதனின் வாதமாகும்.

அவ்வாதத்தின் முதற்கூறு, தானே செய்த பொருள் தூயது என்பது. வீட்டில் இடித்த மிளகாய்த்தூளில் கலப்படம் இராது என்பது உண்மையே. ஆனால் புகையிலையின் நஞ்சு பிறர் கலந்ததன்று. இலையோடு பிறப்பதும் பக்குவத்தில் வளர்வதுமாகும். இலையை உலர்த்திப் புளிக்க வைக்கும்போது நுண்ணுயிர்கள் அதிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது இலையின் காரப்பொருள்களோடு கூடி நைட்ரோசமின்கள் என்னும் புற்றுநோய்ப் பொருள்களாகிறது. வெப்பமூட்டினால் நுண்ணுயிர்கள் அழிந்து இப்பெருக்கம் குறையும். ஆயினும் எஞ்சியது எவ்வளவு என அளக்கும் கருவி எந்த அடுக்களையிலும் இல்லை. புகையற்ற புகையிலை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. கை தூயதாயிருப்பதால் இலை தூயதாகிவிடாது.

இரண்டாம் கூறு, விருப்பம் என்பது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட விடுதலை பற்றிய நூலில், பிறர்க்குத் தீங்கு விளையாதவரை ஒருவனைத் தடுத்தல் ஆகாது என வாதிட்டார். அவரே, தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை எவனுக்கும் இல்லை என்றும் கூறினார்; தன் விடுதலையைத் துறப்பது விடுதலையாகாது என்பது அவர் கருத்து. முதல்நாள் இலையை மனிதன் தேர்ந்தான் எனலாம். ஆயிரமாவது நாள் தேர்ந்தவன் அவனோ, பழக்கமோ?

மூன்றாம் கூறு, தீங்கு தன்னையே சாரும் என்பது. வள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பேசுகையில், குடிப்பவனின் தாயையும் நினைவூட்டுகிறார். துவாஸில் உழைப்பவனின் உடலை நம்பித் தமிழகச் சிற்றூரில் ஒரு தாய் மருந்து வாங்குகிறாள். ஒரு மகள் பள்ளி செல்கிறாள். அவன் வாயில் எழும் புண் அவ்வீட்டு அடுப்பையும் அணைக்கும். தனக்கு மட்டும் நேரும் தீங்கு என ஒன்று ஏழையின் வாழ்வில் இல்லை.

எனவே தடை சரியே எனத் துணியலாம். ஆனால் அத்துணிவோடு நின்றுவிட்டால் அறம் பாதியில் நின்றுவிடும். அதே நகரில் 21 வயது நிரம்பியோர் சிகரெட்டைச் சட்டப்படி வாங்கலாம். புகையோடு ஒப்பிட ஸ்னூஸின் தீங்கு குறைவு என வாதிடுவோரும் உளர். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாய்ப்பொடி விற்பனைக்குத் தடையுள்ளபோதும், 1995ஆம் ஆண்டு அதில் சேர்ந்த சுவீடன் விலக்குப் பெற்றது. புதிய தீங்கை முளையிலேயே கிள்ளுதல் எளிது, வேரூன்றியதைப் படிப்படியாகவே களைய இயலும் என்பது தடைக்குச் சொல்லப்படும் நியாயம். அதில் பொருள் உண்டு. ஆயினும் கடையில் நின்று சிகரெட் வாங்குபவனுக்கு அறிவுரையும், கன்னத்தில் இலை அடக்கியவனுக்குத் தண்டனையும் என்றால், சட்டத்தின் சுமை தோள்களின் வலிமை பார்த்து இறங்கவில்லை என்றே பொருள்படும்.

நெடிய வேலைநேரம், உறக்கக் குறைவு, வீட்டை விட்ட தனிமை ஆகியவற்றைச் சிறிது மறக்கவே பலர் அவ்விலையை நாடுகின்றனர். இலையைப் பறித்துவிடலாம், அது நிரப்பிய வெற்றிடத்தைப் பறிக்க முடியாது. சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் புகைப்பதைக் கைவிட விரும்புவோர்க்கு ஆலோசனை வழங்குகிறது. அத்தகைய துணை, புகையாத புகையிலைக்கு அடிமையான தொழிலாளிக்கும் அவன் மொழியில், அவன் விடுதி வாயிலில் கிடைத்தல் வேண்டும். வாயைச் சோதிக்கும் மருத்துவரும், ஓய்வுக்கு ஓர் இடமும், ஊருக்குப் பேச ஒரு பொழுதும் தடையோடு சேர்ந்தே வருதல் வேண்டும்.

திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு இரண்டு அதிகாரம் தள்ளி மருந்து என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. விலக்கு என்று சொல்பவன் மருந்தையும் கையில் கொண்டு வருதல் வேண்டும் என்பதை அவ்வமைப்பிலிருந்து நாம் கற்கலாம். தன் கையால் தனக்குத் தீங்கு ஆக்கிக்கொள்ளும் உரிமை மனிதனுக்கு இல்லையெனின், அக்கை ஏன் அத்தீங்கை நாடியது எனக் கேட்கும் கடமை, அதனைப் பற்றித் தடுப்பவனுக்கு உண்டு. அக்கடமையை ஏற்காத தடை காவலாகலாம், அருளாகாது.