பழைய கூரையும் புதிய உறுதியும்

பழைய வீடொன்றை விலைக்கு வாங்கலாமா என்ற வினா, மேலோட்டமாகப் பார்ப்போருக்கு வெறும் கணக்காகவே தோன்றும். வீட்டின் விலையையும் திருத்தச் செலவையும் கூட்டிப் புதுவீடு கட்டும் செலவோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் என்பர். நாவலப்பிட்டி மழைக்குப் பேர்போன ஊர். கூரைமரம் உளுத்திருக்கிறதா, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, பின்புறத்து மண்மேடு எத்தனை மழையைத் தாங்கும் என்று பார்க்காமல் இங்கே எவரும் முற்பணம் கொடார். ஆயினும் இவை அனைத்துக்கும் முன்பாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: உறுதி யார் பெயரில் இருக்கிறது? கூரை ஒழுகினால் மாற்றிவிடலாம். உறுதியில் ஓட்டை இருந்தால் எந்த ஓட்டைக் கொண்டும் அதை அடைக்க இயலாது.

இந்தக் கேள்வியை நகரத்தோடு நிறுத்திவிடாமல், அதைச் சூழ்ந்துள்ள மலைத் தோட்டங்களுக்கும் கொண்டு செல்வோம். புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியை வந்தடைந்தது. முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் அது மலையிலிருந்து இறக்கிச் சென்றது. அவற்றை விளைவித்தவர்களுக்கெனக் கட்டப்பட்டவை லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு, தலைக்குமேல் தகரம்: ஒரு குடும்பத்துக்கென அளந்து கொடுக்கப்பட்ட உலகம் அவ்வளவே. இன்றும் பெருந்தொகையான குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. இக்காம்பராக்களை அவற்றில் வாழ்வோருக்கே உடைமையாக்கி, திருத்திக்கொள்ள உதவியும் வழங்கினால் போதாதா என்று கேட்போர் உளர். கேள்வி நல்லெண்ணத்தோடும் கேட்கப்படலாம். ஆகவே அதை நிதானமாக ஆராய்தல் நம் கடன்.

முதலில் கட்டடத்தையே பார்ப்போம். லயம் என்பது தனி வீடன்று. வரிசையாக அமைந்த பல காம்பராக்களுக்குக் கூரை ஒன்றே. முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயங்களிலோ நடுச்சுவரும் பொது. ஒரு குடும்பம் தன் தலைக்குமேலுள்ள தகரத்தை மட்டும் மாற்றினால் அடுத்த காம்பராவின் ஒழுக்கு சுவர்வழியே இறங்கி வரும். எனவே ‘உன் வீட்டை நீ திருத்திக்கொள்’ என்று தனி மனிதனை நோக்கிக் கூறுவது, தனித்துச் செய்ய இயலாத காரியத்தை அவன் தலையில் சுமத்துவதாகும்.

அடுத்து, வீட்டுக்கு உரியவர் யார்? 1972இலும் 1975இலும் நடைபெற்ற காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்ட நிலம் அரசுடைமையாயிற்று. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது. பின்னர் அவற்றுக்கு வழங்கப்பட்ட நீண்டகாலக் குத்தகை 2045 வரை செல்லும். நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, வாழ்வு மட்டும் தொழிலாளியினுடையது. கூரை பெயர்ந்தால் அரசு கம்பனியைக் காட்டும், கம்பனி அரசைக் காட்டும். இடையில் நிற்பவன், கொழும்புக் கடையில் மகன் உழைத்து அனுப்பிய பணத்தில் தகரமும் சீமெந்தும் வாங்குகிறான். தனக்கு உரிமையில்லாத வீட்டைத் தன் செலவில் செப்பனிடுகிறவன் பிறருடைய கடனைத் தீர்க்கிறான். அந்தச் செலவையே ‘உரிமை’ என்ற பெயரில் அவனிடம் நிரந்தரமாக ஒப்படைப்பதை நீதி என்று எப்படிக் கூறுவது?

இவ்விடத்தில் நமது அணியிலிருந்தே ஒரு மறுப்பு எழலாம். 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய எங்கெல்ஸ், தொழிலாளியைச் சிறு வீட்டுக்குச் சொந்தக்காரனாக்கும் திட்டத்தை எதிர்த்தார். வீடும் தோட்டமும் அவனை ஓரிடத்தில் கட்டிப்போடும். வேறிடம் தேடிச் செல்ல இயலாதவனின் கூலியை முதலாளி எளிதில் குறைத்துவிடுவான் என்பது அவர் வாதம். இதை நாம் தட்டிக்கழிக்கலாகாது. ஆனால் அவர் கண்முன் இருந்தது ஐரோப்பியத் தொழிலாளியின் நிலை. நம் மலைகளில் நடந்ததோ வேறு. இங்கே மனிதரைக் கட்டிப்போட்டது உடைமையன்று, உடைமையின்மையே. வேலை போனால் காம்பராவும் போகும் என்ற அச்சமே விலங்காயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இலும் ஒருமுறை தேவைப்பட்டது. நாடே இல்லையென்று சொல்லப்பட்டவன் காணி கேட்பது எங்ஙனம்?

ஆகவே எங்கெல்ஸின் எச்சரிக்கையை நாம் கைவிடவில்லை. அதை ஒரு நிபந்தனையாக மாற்றிக்கொள்கிறோம். வீட்டுரிமை தோட்ட வேலையோடு பிணைக்கப்படலாகாது. மகள் ஆசிரியையானாலும், மகன் நகரத்துக்குச் சென்றாலும், கொழுந்து பறிக்க ஒருவரும் இல்லாமற் போனாலும் வீடு அவர்களுடையதாகவே இருத்தல் வேண்டும். மலையேறிக் கொழுந்து பறித்த பெண்ணின் பெயரும் உறுதியில் இடம்பெறல் வேண்டும்.

எத்தனை செலவிட்டாலும் திருத்த முடியாத வீடும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களெங்கும் மண் சரிந்தது. அத்தகைய சரிவில் நிற்கும் லயத்துக்குப் புதுத் தகரம் போடுவது மரணத்துக்குக் கூரை வேய்வதற்கு ஒப்பாகும். அங்கே உரிமை என்பது அந்த இடத்தைவிட்டு வேறு நிலத்துக்குச் செல்லும் உரிமையே.

“குழந்தையின் பாயில் மழை சொட்டுகிறது, நீங்கள் தத்துவம் பேசுகிறீர்களே!” என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வோம்? அவர் கேட்பது நியாயம். கூரை இன்றே திருத்தப்படல் வேண்டும். ஆனால் அது நிலமும் நிர்வாகமும் வைத்திருப்போர் செலுத்தவேண்டிய பழைய கடன். காணியுரிமைக்கு ஈடாகக் கொடுக்கும் சலுகையன்று. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் திட்டம் அண்மை ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியுடன் நாலாயிரம் வீடுகளுக்குத் திட்டமிடப்பட்டது. மேலும் பத்தாயிரம் வீடுகள் 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் என்பது இரண்டாயிரம் சதுர அடிக்கும் குறைந்த நிலம். அது போதாதென்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆயினும் தனி நிலம், தனிச் சுவர், தன் பெயரில் உறுதி என்ற அளவுகோல் அதனால் நிலைபெற்றது. அதற்குக் கீழே இறங்கும் எந்த யோசனையையும் நாம் ஏற்கலாகாது.

ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் உள்ள நமக்கு இதில் வேலையில்லையா? நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் இரவில் அந்தக் காம்பராவில் விளக்கேற்றிப் படிக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். பத்திரம் ஒன்று தோட்டத்துக்கு வரும்போது அதன் வாசகத்தைப் படித்து, நிலம் எவ்வளவு, நிபந்தனை என்ன, விற்கவும் பிள்ளைகளுக்கு எழுதவும் உரிமை உண்டா என்று விளக்கிச் சொல்லக்கூடியவர்கள் நாமே. கையொப்பம் இடப்படும் முன்பே லயம் லயமாகச் சென்று அதைச் செய்வோம்.