வலம்வருதலும் வந்தவழி நினைதலும்

சைவப் பாடசாலை ஆசிரியர்களே! உயிர்கள் உய்தற்பொருட்டு நம் முன்னோர் வகுத்த நெறி நான்கு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பன அவை. அவற்றுள் முதலாவதாகிய சரியை உடம்பினாற் செய்யப்படுந் தொண்டு. திருவலகிடுதல், மெழுகுதல், பூமாலை தொடுத்தல், திருவிளக்கேற்றுதல் முதலியவற்றோடு வலம்வருதலும் அதனுள் அடங்கும். இது சிறுவர்க்கும் இயல்வது, முதியோர்க்கும் இயல்வது, கைப்பொருள் இல்லாதார்க்கும் இயல்வது. ஆதலின் மாணாக்கர்க்கு முதலிலே பயிற்றத்தக்கது இதுவே என்க.

வலம்வருதல் ஆலயப் பிராகாரத்தோடு முடிவதன்று. திருவண்ணாமலையிலே அன்பர்கள் ஏறக்குறைய 14 கிலோமீற்றர் நடந்து மலையையே இலிங்கமெனக் கருதி வலம்வருகின்றனர். மாத்தளை முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தில் மாசிமகப் பெருவிழாவிலே ஐந்து தேர்கள் வீதியுலா வருதலை நீவிர் அறிவீர்கள். சந்நிதிக்கு வரவியலாத பிணியாளரையும் தளர்ந்தோரையும் தாயே தேடிச் செல்லுதல் அவ்விழாவின் கருத்து. அங்ஙனம் அவள் நம்மைத் தேடி வருவாளாயின், ஆண்டில் ஒரு நாளேனும் நாம் ஊரைச் சூழ நடந்து அவள் சந்நிதியை அடைதல் தகுதியன்றோ?

ஆகவே, மாத்தளைப் பகுதி ஆசிரியர்கள் மாணாக்கரை அழைத்துக்கொண்டு ஒருநாள் நகர்ப்புறவலம் செய்யவேண்டுமென்பது எமது வேண்டுகோள். காலைப்பூசை கண்டு, திருநீறு தரித்து, 108 அடி இராசகோபுரத்தை வணங்கி, வடக்கே செல்லும் பெருவீதியிற் புறப்படுக. மூன்று கிலோமீற்றர் அளவில் அளுவிகாரை தோன்றும். அதனைக் கண்டபின் கொக்கோ, மிளகு, சாதிக்காய் செழித்த தோட்டங்களின் ஊடாகவும், தொழிலாளர் வாழும் லயங்களின் ஊடாகவும் சுற்றி, சுதுகங்கையின் நீரைக் கண்டு, சாயரட்சைப் பூசைக்கு மீண்டும் ஆலயத்தை அடைக. இளையோர் கால் வலிக்குமுன் இளைப்பாறுக. வலம்வருவார் விரைந்து நடத்தலாகாது. நிறைமாதக் கருப்பவதி எண்ணெய்க்குடம் தாங்கி நடப்பதுபோல மெல்ல நடக்கவேண்டுமென்று பெரியோர் கூறுவர்.

வடக்கு வீதியினின்றும் தொடங்குக என்றது ஏன்? 1830 ஆம் ஆண்டுக்குப் பின் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டினின்றும் கடல்கடந்து அரிப்பிலும் தலைமன்னாரிலும் இறங்கிய ஏழை மக்கள் நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்து, தம்புள்ளை வழியாக இம்மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் அம்மையாலும் வழியிலே மாண்டோர் மிகப் பலர். அவர்கள் இறங்கிய மன்னார்ப் பகுதியிலேதான் பாடல்பெற்ற திருக்கேதீச்சரம் உளது. அக்காலத்து அது பறங்கியரால் இடிக்கப்பட்டுக் காடாய்க் கிடந்தது. அதனை மீட்டெடுக்குமாறு ஆறுமுகநாவலர் சைவமக்களை வேண்டியது 1872 ஆம் ஆண்டிலேதான். தொழக் கோயிலின்றி நடந்த அம்மக்கள், நோயை நீக்கி மழையைத் தரும் மாரியை மனத்திலே சுமந்து வந்தனர். மரத்தடியில் வைத்து வழிபடப்பட்ட அவ்வன்னைக்கு 1852 ஆம் ஆண்டிலே வயல்நிலம் கொடையாகக் கிடைத்தது. 1874 ஆம் ஆண்டிலே கோயில் எழுந்தது. 1983 ஆம் ஆண்டுக் கலவரத்திலே தீயாற் சேதமுற்றும் அது மீண்டும் எழுந்து நிற்கின்றது.

இனி அளுவிகாரை நமக்குக் கற்பிப்பது யாதெனில், கூறுதும். கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், போரும் பஞ்சமும் நாட்டை வருத்தின. அப்போரிலே தமிழ்ப் படைத்தலைவர்க்கும் பங்குண்டு. அதனை மாணாக்கர்க்கு மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. மனனஞ்செய்த பிக்குகள் மாண்டால் அறநூலும் மாளுமென்று அஞ்சிய சங்கத்தார், அதுவரை வாய்மொழியாய் வழங்கிய திரிபிடகத்தை இவ்விடத்திலே ஏட்டில் எழுதிவைத்தனர். 1848 ஆம் ஆண்டுக் கலகத்தின்போது இங்கிருந்த ஏட்டுச்சாலை அழிவுற்றது. எனினும் பிரதிகள் பரவியிருந்தமையால் நூல் அழியவில்லை. நம் தேவாரமோ தில்லையிலே அடைபட்டுக் கிடந்து, நம்பியாண்டார் நம்பி காணுமுன் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. எழுதியும் ஓதாதுவிட்டமையால் நேர்ந்த இழப்பு அது.

ஆசிரியர்களே, நம் மக்கள் நடந்துவந்த வரலாறு இன்று எங்கே இருக்கின்றது? லயத்து வாசலில் இருக்கும் மூதாட்டிமாரின் நாவிலே இருக்கின்றது. எழுத்தின்மையால் வந்த கேட்டை நாம் முன்னரே கண்டோம். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வமிசத்துக்குச் சான்று காட்டுமாறு கேட்டபோது, காட்டுதற்கு ஏடில்லாத இலட்சக்கணக்கினர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினாற் பெருந்தொகையினர் கடல்கடந்து அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் குறை நீங்க 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆதலின் வலம்வரும் மாணாக்கன் ஒவ்வொருவன் கையிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். லயங்களிலே முதியோரை வணங்கி, "அப்பாயி, உங்கள் முன்னோர் எவ்வூரினின்றும் வந்தனர்? யார் யார் வழியில் இறந்தனர்? அவர் பெயர் யாது?" என்று கேட்டு எழுதுக. மாலையிலே அக்குறிப்பேடுகளை அம்பிகையின் சந்நிதியில் வைத்து வணங்குக. பின் அவற்றைப் பிரதிசெய்து ஒன்றைப் பாடசாலையிலும், ஒன்றைக் கோயிலிலும், ஒன்றை அவரவர் இல்லத்திலும் வைக்குக. கொள்ளியிடுவாரின்றிக் காட்டிலே கிடந்தவர்க்கும் தென்புலத்தார்க்குரிய கடன் ஒன்றுண்டு. பெயர்சொல்லி நினைத்தல் அக்கடனிற் சிறியதன்று.

"அம்மையப்பரை வலம்வந்தே விநாயகப்பெருமான் கனி பெற்றார், ஊரைச் சுற்றுவது எற்றுக்கு?" என்பாரும் உளர். அம்மையப்பரிடத்தே உலகனைத்தையுங் கண்டது அப்பெருமானின் ஞானம். அஞ்ஞானம் வாய்க்கப்பெறாத நாம் உலகத்தினிடத்தே அம்மையப்பரைக் காணப் பழகவேண்டும். அதற்கு நடத்தலே வழி. இது சரியை, அது ஞானம். முதற்படியை இகழ்வார் மேற்படியை அடையார்.

"பரீட்சைக்குரிய காலம் வீணாகுமே" என்பாரும் உளர். சைவநெறிப் பாடத்தில் நாயன்மார் சரிதம் எழுதி மதிப்பெண் பெறும் மாணாக்கன், திருநாவுக்கரசு நாயனார் உழவாரங்கொண்டு திருவீதியிற் புல்லைச் செதுக்கியதை எழுதுகின்றான். தன் காலடியில் உள்ள வழியை அறியான். ஒருநாள் நடந்தானாயின் அச்சரிதம் அவனுக்கு எழுத்தளவாய் நில்லாது, ஒழுக்கமாய் விளங்கும்.

"பிறசமயத்தார் இடங்களின் வழியே சைவர் வலம்வரலாமோ?" எனின், வரலாம். விகாரையாயினும் பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும் எதிர்ப்பட்டவிடத்து ஓசையடக்கி மரியாதையோடு நடந்து செல்லுதல் சைவசீலத்துக்கு இழுக்கன்று, அணியேயாம்.

நம் முன்னோர் நடந்த வழி ஒருவழி. பலர் போய்ச்சேரவில்லை, சேர்ந்தோரும் மீளவில்லை. அவர் வழித்தோன்றல்களோ காலையிலே புறப்பட்டு மாலையிலே தாயின் சந்நிதிக்குத் திரும்பும் பேறு பெற்றவர்கள். அப்பேற்றைப் பெற்றோர்க்குக் கடனும் உண்டு. ஆசிரியர்களே, வரும் மாசிமகத்துக்கு முன் ஒருநாளைக் குறித்து, பெற்றோரிடத்தும் அதிபரிடத்தும் இசைவு பெற்று, இத்திருத்தொண்டைத் தொடங்குவீர்களாக. பத்து மாணாக்கர் வரினும் போதும். அம்பிகை துணைநிற்பாள்.

திருச்சிற்றம்பலம்.