பச்சைக் கல் பொய் சொன்னதா?

கஸாக்ஸ்தானின் அல்தின்-தூபே குன்றில் கிடைத்த பச்சைப் படிகங்களை, பதினெட்டாம் நூற்றாண்டில் மரகதமென்றே நம்பினர். அவை மரகதமல்ல, செம்பினால் பசுமை பெற்ற வேறொரு கனிமமே எனக் கண்ட பிரெஞ்சு அறிஞர் ஹாயுயி, 1797-இல் 'டயாப்டேஸ்' எனப் பெயரிட்டார். 'ஊடே காணத்தக்கது' என்பது பொருள். மோஸ் அளவையில் மரகதத்தின் கடினம் ஏழரைக்குக் குறையாது, இதற்கோ ஐந்துதான். பட்டை தீட்டப் புகுந்தால் எளிதில் பிளந்துவிடும்.

கல்லா நம்மை ஏமாற்றியது? தன்னை மரகதமென்று அது என்றும் சொன்னதில்லையே! நம் ஆசையன்றோ அப்பெயரைச் சூட்டியது? இன்று கனிமம் சேகரிப்போர் அதனைத் தீட்டாது, பிறந்த பாறையோடு அப்படியே போற்றி வைக்கின்றனர்.

மனிதரிடமும் நாம் இல்லாத மரகதத்தைத் தேடுகிறோம். கிடைக்காதபோது அவரைப் பழிக்கிறோம். அவரவரை அவரவராகவே ஊடே காணும் கண் நமக்கு வாய்க்க வேண்டாமா?